அந்த முதுநிலைப் படிப்பைத் திட்டமிட்டவர்

நீலம், பச்சை, கறுப்பு என்று மூன்று நிறங்களில் கட்டம் போட்ட பெரிய தாள் ஒன்றை அவர் என் மேசைமேல் விரித்த காலை இன்றும் கண்முன் நிற்கிறது. தாள் மேசையைவிடப் பெரியது. அதன் ஒரு மூலை என் தேநீர்க் கோப்பையின்மேல் கவிந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. தண்டலத்தை அடுத்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் அப்போது இயந்திரவியல் துறைத் தலைவர். அவர் என் துறையின் உதவிப் பேராசிரியை. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளம் பொறியாளர்களுக்காகப் புதிய முதுநிலைப் படிப்பு ஒன்றைத் தொடங்குவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. நான் தயாரித்த கால அட்டவணையில் எல்லா வகுப்புகளும் மாலை ஆறு மணிக்குத் தொடங்கின. அவர் தாளில் ஒரு கட்டத்தைச் சுட்டிக்காட்டி, "சார், பி ஷிப்ட் வாரத்துல ஆறு மணிக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. ரெண்டு மணிக்கு லைன்ல ஏறுனா பத்து மணிக்குத்தான் எறங்குவாங்க. வாரா வாரம் ஷிப்ட் மாறும். நம்ம டைம்டேபிள் மட்டும் மாறாம நிக்குது" என்றார். துறைத் தலைவரின் அட்டவணையில் அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. தாளைச் சுருட்டி எடுத்துப்போகச் சொன்னேன். அன்று மாலையே அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் ஏழாண்டுகள் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்தவர். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். முனைவர் பட்டம் முடிந்திருக்கவில்லை. அந்த ஒரு குறையைச் சொல்லித்தான் எங்கள் நிர்வாகம் அவரை எந்தக் கூட்டத்திலும் சுவரோர நாற்காலியில் உட்கார வைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் குன்றத்தூரில் கம்பெனி பேருந்துகள் நிற்குமிடத்துக்குப் போவார். பொறியியல் பட்டம் வாங்கிவிட்டு லைன் சூபர்வைசராக நிற்பவர்களைத் தேடிப் பிடித்து, எந்த வாரம் எந்த ஷிப்ட், எத்தனை நாள் ஓ.டி., எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார். அந்தத் தாளின் ஒவ்வொரு கட்டமும் அப்படி நிரம்பியது. அவருடைய தீர்வு எளிமையானது. ஒவ்வொரு பாடமும் ஒரே நாளில் இருமுறை நடக்க வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. எந்த ஷிப்டில் இருப்பவரும் இரண்டில் ஒன்றுக்கு வரமுடியும். ஆசிரியர்களுக்கு வேலை இரட்டிப்பாகுமே என்று நான் கேட்டேன். முதல் ஆண்டு இரண்டு வகுப்பையும் தானே எடுப்பதாகச் சொன்னார். திட்டத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்போது, ஒருங்கிணைப்பாளர் முனைவர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. ஆகவே முதல் பக்கத்தில் என் பெயரைப் போட்டோம். விதியின் பொருட்டுத்தான் போடுகிறோம் என்று இருவருமே அறிந்திருந்தோம். அறிந்திருந்ததை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஆராய்ச்சிக் கூட்டுறவு என்ற பெயரில் எங்கள் கல்லூரிகளில் நடப்பதை நினைத்தால் இந்த வயதிலும் ரத்தம் கொதிக்கிறது. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு கனவான்கள் ஒரே கோப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பார்கள். அந்தப் படம் எடுத்து முடிந்தவுடன் கூட்டுறவும் முடிந்துவிடும். பிறகு அந்தக் கோப்பைத் திறப்பது தர ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டுமே. நானும் அப்படிப் பல கோப்புகளைப் பிடித்து நின்றிருக்கிறேன். உதவிப் பேராசிரியை கேட்டதோ ஒரே பக்கக் கடிதம். ஒவ்வொரு மாணவரும் தான் நிற்கும் லைனில் உண்மையாகவே ஏற்படும் ஒரு குறையை ஆய்வுப் பொருளாகக் கொண்டுவருவார். கல்லூரி ஆய்வகமும் வழிகாட்டுதலும் தரும். கம்பெனி அனுமதி தரும். கம்பெனியின் பெயரும் பாகத்தின் படமும் வெளியே போகாது. இவ்வளவுதான். தொழிற்சாலைகளில் இதைவிட அரிய அனுமதி வேறில்லை. தன் பொருளில் விரிசல் விழுகிறது என்பதை வெளியாருக்குக் காட்ட எந்தக் கம்பெனியும் ஒப்பாது. பல வாசல்களில் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, ஒரு தொழிற்சாலையின் தர மேலாளர் இணங்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கையெழுத்திடும் நாளில் நானும் உடனிருந்தேன். என்னிடம் மரியாதையாகப் பேசினார், ஆனால் சொல்ல வேண்டியதை உதவிப் பேராசிரியையைப் பார்த்தே சொன்னார்: "மேடம், உங்க வார்த்தைய நம்பித்தான் போடுதேன். பேரு வெளிய வரப்பிடாது, படம் வெளிய போவப்பிடாது. வந்துச்சுன்னா என் வேலையும் போவும், உங்க படிப்பும் போவும்."

முதல் ஆய்வுப் பொருளும் அங்கிருந்தே வந்தது. சக்கரத்தைத் தாங்கும் ஒரு வார்ப்புப் பாகம். அதன் மூலையில் மயிரிழை விரிசல். அதன்மேல் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடாக எழுந்துவரும். அந்தப் படமும் கம்பெனியின் கடிதமும் திட்டக் கோப்பின் கடைசியில், ரகசியம் என்று எழுதிய உறைக்குள் இருந்தன.

பல்கலைக்கழகக் குழு வருவதற்கு ஒரு வாரம் முன்பு, நெடுஞ்சாலையை நோக்கிய வாசலில் ப்ளெக்ஸ் வைக்க வேண்டும் என்று தாளாளர் உத்தரவிட்டார். எங்கள் கல்லூரியில் ப்ளெக்ஸ் இல்லாமல் எதுவும் நடந்ததில்லை. விளையாட்டு விழாவுக்கும் வைப்போம், இரங்கலுக்கும் வைப்போம். விளம்பரப் பிரிவு விவரம் கேட்டது. நான் கோப்பை அப்படியே, உறையோடு, அனுப்பி வைத்தேன். மறுநாள் அச்சுக்கு முந்தைய மாதிரி என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்த விளம்பரப் பிரிவு அலுவலர், "அந்த ஒயிட்ல ரெட் லைன் போட்டோ செம கலர்புல்லா கீது சார், அத்தயே பெருசா வச்சிட்டோம்" என்று உற்சாகமாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் பார்த்தது ஒன்றைத்தான். மாதிரியின் வலது ஓரத்தில் என் படம் இருந்தது. அதன் கீழே என் முன்னெழுத்துகள் சரியாக இருக்கின்றனவா, பட்டங்கள் வரிசை பிசகாமல் இருக்கின்றனவா என்று பார்த்தேன். ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. அதைத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பேருந்துகள் அந்த வாசலைத்தான் கடந்தன. இரண்டு ஆள் உயரத்துக்கு அந்த வார்ப்புப் பாகம் விரிசலோடு நின்றது. மேலே கம்பெனியின் முழுப் பெயர். கீழே, எங்களோடு கைகோத்தமைக்கு நன்றி. முதலில் தெரிந்துகொண்டவர் உதவிப் பேராசிரியைதான். குன்றத்தூர் நிறுத்தத்தில் அவருக்கு விவரம் தந்த ஒரு சூபர்வைசர் பேருந்தில் இருந்தபடியே அழைத்திருக்கிறார். அழைப்பை அவர் என்னிடம் அப்படியே சொன்னார்: "மேடம், நம்ம கிராக் பீசு உங்க கேட்ல தொங்குது மேடம். பஸ்சே சிரிச்சிகினு போவுது. ஆடிட்டுக்கு வந்த கஸ்டமர் காரும் இந்த ரோட்லதான் மேடம் வருது." உதவிப் பேராசிரியை ஓடிப்போய்க் காவலாளியை வைத்துக் கயிற்றை அறுத்து இறக்குவதற்குள், அந்தப் பாகத்தை வாங்கும் நிறுவனத்தின் கார் வாசலைக் கடந்து போய்விட்டது. பத்து மணிக்குத் தர மேலாளர் என்னை அழைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "இனிமே உங்க ஆளு யாரும் எங்க கேட்டுக்கு வரவேண்டாம் சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

குழு வந்தது, படிப்புக்கு ஒப்புதலும் கிடைத்தது. கம்பெனி விலகியதைக் குழுவிடம் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் பொறுப்பாளியைத் தேடும் வேலை தொடங்கியது. ரகசியப் படத்தைப் பாதுகாக்கத் தவறியதாக உதவிப் பேராசிரியைக்கு ஒரு குற்றக் குறிப்பாணை தட்டச்சாகி, என் கையெழுத்துக்காக வந்தது. தாளாளர் என்னிடம், ஒரு துறைத் தலைவர்மேல் குறிப்பாணை போனால் கல்லூரிக்கே அவமானம் என்றார். அந்த வாதத்தில் இருந்த அயோக்கியத்தனம் எனக்குப் புரியாமல் இல்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அன்று பிற்பகல் அவர் குறிப்பாணையோடு என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், ப்ரூப் உங்க டேபிளுக்குத்தான வந்துச்சு?"

"இப்போதைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

"எதைப் பார்த்துக்குவீங்க சார்?" என்று கேட்டார். பருவத் தேர்வு முடிந்ததும் விலகினார். அவருக்குத் தரப்பட்ட பணிச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் 'திருப்திகரம்' என்று எழுதப்பட்டது. எங்கள் வட்டாரக் கல்லூரிகளில் அந்தச் சொல்லின் பொருள் எல்லோருக்கும் தெரியும். 'மிக நன்று' என்று இல்லாவிட்டால் நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான். அந்தச் சான்றிதழிலும் என் கையெழுத்து இருந்தது.

படிப்பு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். இருமுறை வகுப்பு என்பதை நிர்வாகம் முதல் ஆண்டே வெட்டியது. மாலை ஆறு மணி வகுப்பு மட்டும் நின்றது. நான் முதலில் போட்ட அதே அட்டவணை. ஷிப்ட் பொறியாளர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இப்போது அதில் சேர்பவர்களில் லைனில் நிற்பவர் எவருமில்லை. ஆய்வுப் பொருள்களைக் கணினியில் வரைந்துகொள்கிறார்கள். விரிசல் விழாத பாகங்கள். ஆனாலும் அந்தப் படிப்பைக் கொண்டுவந்தவன் நான் என்று துறையின் வரலாற்றுப் பலகையில் எழுதியிருக்கிறது. ஓய்வுபெற்ற பின் எத்தனையோ மேடைகளில் அப்படித்தான் என்னை அறிமுகப்படுத்தினார்கள். நான் கைகூப்பி ஏற்றுக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களுக்கு முன் இப்போதைய முதல்வர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு காலத்தில் என் துறையில் விரிவுரையாளராக இருந்தவர். துறையின் ஆண்டு மலருக்கு, அந்தப் படிப்பைத் தொடங்கிய வரலாற்றை நான் எழுத வேண்டும் என்றார். எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்திலேயே பேனா நின்றுவிட்டது. எதை எழுதினாலும் உதவிப் பேராசிரியையின் தாளிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. என்னுடையது என்று அதில் அந்த ஒரு புள்ளியைத் தவிர எதுவுமில்லை. வேறொரு துறையில் எவரேனும் இப்படிச் செய்திருந்தால் நான் எத்தனை கடுமையாகப் பேசியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடுமை முழுவதையும் என்மேல் திருப்பிக்கொண்டு ஒரு கடிதம் எழுதினேன். கோப்பை உறையோடு அனுப்பியவன் நான், மாதிரியில் ஒப்பமிட்டவன் நான், குறிப்பாணை பொய், அதை ரத்துசெய்து புதிய சான்றிதழ் தர வேண்டும் என்று வரிசையாக எழுதி, நேரில் கொண்டுபோனேன்.

முதல்வர் எழுந்து நின்று வரவேற்றார். கடிதத்தைப் படித்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். "சார், இப்ப இதக் கெளறுனா உங்க பேருதான் சார் நாறும். அவங்களே மறந்திருப்பாங்க. மலர்ல உங்களுக்கு முழுப் பக்கம் வச்சிருக்கேன் சார்" என்றார்.

என் பெயரைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, வெளியே எழுத்தர்கள் திரும்பிப் பார்த்தது கதவுக் கண்ணாடியில் தெரிந்தது. தபால் பிரிவுக்குப் போய், நகலில் முத்திரை குத்தும்வரை அங்கேயே நின்றேன். எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று எழுத்தர் கேட்டார். உதவிப் பேராசிரியையின் பணிக் கோப்பில் என்றேன். விலகியவர்களின் கோப்பு கீழே கிடங்கில் இருக்கிறது, தேட வேண்டும் என்றார். தேடுங்கள் என்றேன்.

மறுநாள் உதவிப் பேராசிரியையை அழைத்தேன். இப்போது ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு பாலிடெக்னிக்கில் பகுதி நேரமாகப் பாடம் எடுக்கிறார். நான் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன். முடித்ததும் கேட்டார்.

"மெமோவ ரத்து பண்ணி ஆர்டர் போட்டுட்டாங்களா சார், இல்ல உங்க லெட்டர வாங்கி வச்சிக்கிட்டாங்களா?"

வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப இன்னும் முடியல சார். ஆர்டர் வந்ததும் சொல்லுங்க" என்றார். குரலில் கோபமில்லை, ஒரு பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, சரியில்லை என்று திருப்பித் தருபவரின் நிதானம் இருந்தது.

அதன் பிறகு மூன்று முறை கல்லூரிக்குப் போய்விட்டேன். முதல்வர் கூட்டத்தில் இருக்கிறார் என்கிறார்கள். மலர் வெளிவந்துவிட்டது, எனக்கென்று வைத்திருந்த பக்கத்தில் தாளாளரின் வாழ்த்துரை இருக்கிறது. வரும் திங்களன்று மறுபடியும் போகிறேன்.