மழை வரும் வரைக்கும் நட்ட வேலி

"...பாவமுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? வேர் புடிச்ச வேலிய வெட்டலாமுங்களா?" என்றார் அத்தை. அவர் இடுப்பில் காலிக் குடம். நான் அரிவாளும் கையுமாக, வேலியை வெட்டித் திறந்த சந்தில் நின்றிருந்தேன்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. வெள்ளகோவில் பக்கத்திலிருந்து என் அப்பாவும் அத்தையின் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு வண்டி கட்டிக்கொண்டு, பொங்கலூருக்குக் கிழக்கே இந்த மேட்டுக்கு வந்தபோது கள்ளியும் முள்ளும்தான் இருந்ததாம். "அங்க வெள்ளாமை வெளைஞ்சா காக்கா வெளுத்துரும்" என்று ஊரில் சிரித்தார்களாம். இருவரும் சேர்ந்து பாறையை உடைத்து ஒரே கிணறு வெட்டினார்கள். அது எங்கள் புன்செய்க் காட்டுக்குள் அமைந்தது. "கெணறு உங்க காட்டுல, தண்ணி ரண்டூட்டுக்கும்." பேச்சு அவ்வளவுதான், காகிதம் கிடையாது. அத்தை வீட்டார் நடந்து நடந்து எங்கள் காட்டின் நடுவே ஒரு தடம் விழுந்தது.

பெரியவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். அத்தையின் மகன் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். பூமியைப் போட்டுவிட்டு வரமாட்டேன் என்று அத்தை மட்டும் நாலு ஆட்டோடு இருந்தார். அவருக்கும் ஆட்டுக்கும் தண்ணீர் போனது அந்தத் தடத்தில்தான்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை. அந்த ஆடுகள் தடத்தோடு வந்து என் பருத்தியை மேய்ந்துவிட்டன. குறுக்கே வேலி போட்டேன். "மழை வர்ற வரைக்குமுங்க அத்தை. அப்பறம் புடுங்கிடறேன்."

"அதுக்கென்ன கண்ணு, ஆட்டுக்கு எங்க தெரியுது அத்தை காடு, மாப்ள காடுன்னு" என்று சிரித்தார்.

காய்ந்த முள்ளை வெட்டிப் போட்டிருக்கலாம். நான் பச்சைக் கிளுவைக் குச்சிகளை நட்டேன். கைக்கு எட்டியது அதுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பச்சைக் கிளுவை மழைக்கு வேர் விடும் என்பது எங்கள் பக்கம் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வைகாசி மழைக்குத் துளிர்த்தது. அத்தை வந்து நின்றார். "வேர் புடிச்சிருச்சுங்களே அத்தை, இனி வெட்டினா பாவமுங்க" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல். தடம் இல்லாத காட்டில் ஏர் நேராக ஓடியது எனக்குப் பிடித்திருந்தது.

அன்றோடு 'கண்ணு' நின்றது, 'நீங்க' வந்தது. மரியாதை ஏறினால் உறவு இறங்கும் என்பார்கள், சரிதான்.

இரு பக்கமும் வேலி அடைத்த இட்டேரி வழியாக அரை மைல் சுற்றித்தான் அதன் பிறகு அவர் கிணற்றுக்கு வந்தார். மூன்று கோடை அப்படிப் போயிற்று. நடுவழியில் குடத்தை இறக்கி வைத்து அவர் மூச்சு வாங்கியதை ஒருநாள் என் மனைவி பார்த்துவிட்டு வந்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "உங்கப்பாரு பாறையவே ஒடைச்சாருங்க. உங்களால நாலு குச்சிய வெட்ட முடியலீங்களா?"

கை கழுவியதும் அரிவாளை எடுத்துத் தீட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் வேலியை வெட்டினேன். தடம் இருந்த இடத்துப் பருத்திச் செடிகளைக் கிணறு வரைக்கும் பிடுங்கினேன். குடத்தோடு வந்தவரை, "இப்படியே போங்க அத்தை" என்று கூப்பிட்டேன். அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார். குத்தலாகக் கூட இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி.

"தப்புத்தானுங்க அத்தை" என்றேன்.

அத்தை குனிந்தார். சந்தில் கிடந்த முள்கிளையை, "யாரு கால்லயாச்சும் ஏறிரப் போவுது" என்று எடுத்து ஓரமாகப் போட்டார். பிறகு குடத்தை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இட்டேரிப் பக்கம் திரும்பி நடந்தார்.