முதல் தண்ணீர்

பூசையில் திருப்பாத்திரம் துடைக்கும் சிறு துணிகளைக் கழுவ எங்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோவிலில் ஒரு முறை உண்டு. முதலில் அவற்றை வெறும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஆண்டவரின் இரத்தமாகிவிட்ட திராட்சை இரசத்தில் ஒரு துளியோ, உடலாகிவிட்ட அப்பத்தில் ஒரு துணுக்கோ ஒட்டியிருக்கலாம் என்பதால், அந்த முதல் தண்ணீரை வடிகானில் ஊற்றக்கூடாது. யாரும் மிதிக்காத மண்ணில், ஒரு செடியின் அடியில் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் சவர்க்காரமும் கஞ்சியும்.

பதினொரு வருடமாக அந்த வேலையை நான் ஒருத்தியே செய்தேன். கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் கொட்டாஞ்சேனையில்தான் குடியிருந்தோம். பிறகு வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பொன்றில் பிளட் வாங்கிப் போனாலும் கோவிலை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் துணிகளை ஒரு வெள்ளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். பக்கத்தில் இருப்பவரின் உடுப்புக்கூட அந்தப் பையில் படாமல் மடியில் வைத்துக்கொள்வேன். அந்த வேலையில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அதோடு நான் மறைக்கல்வி ஆசிரியையும்கூட. கடவுளின் பரிசுத்தம் என்ற பாடம் வந்தால் எனக்குக் குரலே மாறிவிடும். பரிசுத்தர் என்றால் வேறானவர், நம்மைப் போல அல்லாதவர், பொய்யும் அழுக்கும் அண்டாதவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். பாடத்தில் பிழை இல்லை. அந்த வேறானவரோடு என்னையும் சேர்த்து மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்துக்கொண்டேனே, அதுதான் பிழை.

முகத்துவாரத்திலிருந்து ஒரு பெண் எங்கள் பூசைக்கு வருவாள். புருஷன் கடலுக்குப் போகிறவர். அவள் காலையில் சந்தையில் மீன் விற்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் துணிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒரு தரம் எனக்கும் தாங்களேன். நல்லா கழுவித் தாறேன்.”

நாலைந்து பேர் நின்றார்கள். நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். “இது சும்மா துணியில்லைத் தங்கச்சி, பரிசுத்தமான சாமான். மீன் மணம் பிடிச்சால் பிறகு போகாது.”

யாரோ ஒருவர் சிரித்தார். அவள் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, “ஓம் அக்கா, அதுவும் சரிதான்” என்றாள்.

அடுத்த ஞாயிறு, பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லக் கைகொடுத்தபோது அவள் கையில் தேசிக்காய் மணந்தது. அந்தப் புளிச்சாற்றைத் தோல் வெளுக்கும் அளவுக்குத் தேய்த்திருந்தாள். எதற்காகத் தேய்த்தாள் என்று எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்காதது போல் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்து என்ன செய்தேன்? அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிளட் ஐந்தாம் மாடியில். கீழே கார் நிறுத்தும் இடம் முழுக்கச் சீமெந்து. ஆரம்பத்தில் முதல் தண்ணீரை ஒரு சட்டியில் ஏந்திக்கொண்டு போய், மதில் ஓரத்து வாழையடியில் ஊற்றி வந்தேன். பிறகு அந்த வாழையையும் வெட்டிச் சீமெந்து போட்டார்கள். அதற்குப் பிறகு குசினி சிங்குக்குள் ஊற்றினேன். முதல் தடவை நெஞ்சு பதைத்தது. மூன்றாம் தடவை பதைக்கவில்லை. அப்படியே ஒன்பது வருடம், மீன் கழுவுகிற அதே சிங்கில்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கையில் பிளாஸ்டர் இருந்த ஆறு கிழமையும், அந்த ஒன்றரை மாதமும், துணிகளை அந்த முகத்துவாரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார் பாதர். பிளாஸ்டர் வெட்டியதும் அந்த வார ஞாயிறு வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை பின்னேரமே ஓட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். துணிகளை வாங்கப் போனதாகத்தான் வீட்டில் சொன்னேன். உண்மையில் மோந்து பார்க்கப் போனேன்.

ஓர் அறையும் குசினியும் உள்ள வரிசை வீடு. துணிகள் ஒரு புதுத் தட்டத்தில் மடித்திருந்தன. என் மடிப்பைவிட நேர்த்தி. மூக்கருகே கொண்டுபோனேன், வெயில் மணம்தான் இருந்தது. வாசலில் ஒரு பெயின்ற் வாளி, அதற்குள் மண், மண்ணில் ஒரு கற்பூரவள்ளி.

“இங்க எல்லா இடமும் கொங்கிறீற் அக்கா. அந்தத் தண்ணிய கானுக்குள்ள ஊத்த மனம் வரல்ல. பாதர்கிட்ட கேட்டு கோவில் வளவு மண் கொஞ்சம் பஸ்ஸில கொண்டு வந்தேன். இதுல ஒரு இலைகூட நாங்க கிள்ளுறதில்ல.” பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: “மாடியில இருக்கிற நீங்க எங்க அக்கா ஊத்துறீங்க?”

“கீழ, வாழையடியில” என்றேன்.

வெட்டிப்போட்டு ஒன்பது வருடமான வாழை. வாய் கூசாமல் சொல்லிவிட்டு, அவள் தந்த பிளேன்ரீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பூசையில் எல்லோரும் ‘தூயவர்’ என்று மூன்று முறை பாடும் இடத்தில் நான் பாடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். விவிலியத்தில் ஓர் இறைவாக்கினர் காட்சியில் வானவர் பாடும் அந்தப் பாட்டைக் கேட்டு நடுங்கிய கதையை எத்தனை முறை படிப்பித்திருப்பேன்! அவர் முதலில் கதறியது தன்னுடைய உதட்டின் அசுத்தத்தை நினைத்து. நான் அடுத்தவளின் கையைத்தான் பார்த்தேன். கடவுளின் பரிசுத்தம் அருகில் வந்தால் மனிதருக்குத் தம் அழுக்குத்தான் முதலில் தெரியும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருந்தது. எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெட்கத்தில் நற்கருணை அப்பம் வாங்கவும் எழும்பவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சிங்கைப் பற்றிச் சொல்வது லேசாக இருந்தது. அவர் மறுபக்கம் முகம் திருப்பித்தானே இருந்தார். அவளிடம் சொல்வதற்குத்தான் இன்னும் இரண்டு கிழமை எடுத்தது. பூசைக்குப் பின் வாசலில் மறித்து, வாழை இல்லை, சிங்குக்குள்தான் ஊற்றினேன், உன்னிடம் பொய் சொன்னேன், அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் அப்படிச் சொன்னதற்கும் என்னை மன்னித்துக்கொள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அழுதும்விட்டேன்.

அவள் பதறிப்போனாள். “ஐயோ, அதுக்கு ஏன் அக்கா அழுறீங்க? மண் இல்லாட்டி நீங்கதான் என்ன செய்ய? தண்ணிய ஒரு போத்தல்ல கொண்டு வாங்க. நான் என்ட வாளியில ஊத்துறேன்.”

இப்போது ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவள். என் முறை வரும்போது முதல் தண்ணீரைப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கிறேன். அவள் இரண்டு கைகளாலும் வாங்குகிறாள்.

அந்தக் கைகளில் இன்னும் தேசிக்காய் மணக்கிறது. வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். “ஓம் அக்கா” என்று சிரிக்கிறாள். அடுத்த ஞாயிறும் தேய்த்துக்கொண்டுதான் வருகிறாள்.