வாளி கழுவிய மால்சுன்

தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஹோங் மால்சுன் சமையல் வேலை பார்த்தது சேரின் என்ற பெண்ணிடம். கேமரா முன்னால் உட்கார்ந்து மலையாய்க் குவித்ததைத் தின்று காட்டுவது சேரினின் பிழைப்பு. ஒருநாள் பத்து பாக்கெட் ராம்யன் நூடுல்ஸ், மறுநாள் மூன்று முழுப் பொரித்த கோழி. லட்சக்கணக்கான பேர் கைபேசியில் பார்த்தார்கள். அவள் எடை நாற்பத்தெட்டு கிலோவைத் தாண்டியதேயில்லை.

சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடும் மால்சுனுக்கு அதெல்லாம் அதிசயமாகத்தான் இருந்தது. சுத்தம் செய்கிறவள் நின்றுபோன பிறகு அந்த வேலையும் இவள் தலையில் விழுந்தது. அன்றுதான் மேசைக்கு அடியில் இருந்த நீல வாளியைப் பார்த்தாள். மென்று துப்பிய நூடுல்ஸ் சிவப்புக் குழம்பில் ஊறிக் கிடந்தது. மேலே எச்சில் நுரை. கோழித்தோல் துணுக்குகள் கொழுப்போடு உறைந்து வாளி ஓரத்தில் ஒட்டியிருந்தன.

சமையல்காரியைச் சித்தி என்றே கூப்பிடும் சேரின் சிரித்தாள். "என்ன சித்தி அப்படிப் பாக்குற? உள்ள போனாத்தானே கொழுப்பு. ஒவ்வொரு வாய்க்கும் கேமராவை நிறுத்தித் துப்பிட்டு, அப்புறம் வெட்டி ஒட்டிடுவேன்."

"அப்போ நிஜமா என்னதான் சாப்பிடுற?"

"ரெண்டு முட்டை, ஒரு வெள்ளரிக்கா."

அடுக்ககத்தின் கீழே, மிச்ச உணவு கொட்டும் பெட்டி எடை காட்டும். வாளியை அதில் கொட்டியதும் நான்கு கிலோ இருநூறு கிராம் என்று வந்தது. மால்சுன் வாளியை மூன்று தரம் கழுவி வைத்தாள். வீட்டில் சோற்றைப் பிசைந்தால் அந்த நுரை கண்முன் வந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை. வெளியே சொல்லவுமில்லை.

அடுத்த மாதம் தங்கை மகள் தாவோன் வந்தாள். கன்னம் உப்பி, சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏழு கிலோ ஏறிடுச்சு பெரியம்மா. சாயந்தரம் சேரின் வீடியோவைப் போட்டுட்டு நானும் கூடவே ரெண்டு ராம்யன், ஒரு பாக்கெட் வறுவல் சாப்பிடுவேன். அவ அவ்வளவு தின்னும் குச்சி மாதிரி இருக்கா. எனக்குத்தான் உடம்புல ஏதோ கோளாறு. தைராய்டு பரிசோதனை கூடப் பண்ணிட்டேன், சரியாத்தான் இருக்காம்."

மால்சுனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"உன் உடம்புல ஒரு கோளாறும் இல்லடி. ராம்யனும் வறுவலும் யார் வயித்துக்குள்ள போனாலும் இதுதான் நடக்கும். அவ வயித்துக்குள்ள போறதில்ல." வாளியைப் பற்றிச் சொன்னாள்.

தாவோன் கைபேசியில் சேரினின் வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "இவ்வளவு நாளா தெரிஞ்சும் நீங்கதான் அவளுக்குச் சமைச்சுப் போட்டீங்களா?"

 மால்சுன் மறுநாளே வேலையை விட்டாள். சேரினுக்கு வேறு சமையல்காரி கிடைத்துவிட்டாள். தாவோன் ராம்யனைக் குறைத்து, வீட்டுச் சோறும் கீரையும் டோஃபுவும் என்று திரும்பினாள். ஆறு மாதத்தில் நாலு கிலோ இறங்கியது. பெரியம்மாவோடு மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மால்சுன் இப்போது பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவுகிறாள். போன வாரம் பேருந்தில் இரண்டு மாணவிகள் சேரினின் வீடியோவை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு விழுங்குறதில்லம்மா. துப்பிடுவா," என்றாள் மால்சுன்.

ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். "சீ, என்ன கிழவி இது, அசிங்கமா பேசுது," என்று தோழியை இழுத்துக்கொண்டு பின் இருக்கைக்குப் போய்விட்டாள். அங்கே போயும் அதையேதான் பார்த்தார்கள்.