அனுமதி கேட்ட கல்

சாலையோரத்தில் நினைவுக்கல் நட விண்ணப்பித்தால், ஊரார் கருத்தைக் கேட்டு முப்பது நாளில் பதில் தரவேண்டும். அறுபதுகளின் கடைசியில் எங்கள் நெடுஞ்சாலை அலுவலக விதி அது.

தாம்பரத்துப் பள்ளி டிரில் மாஸ்டர் ஒருவர் அதை நம்பினார். ராஜகீழ்ப்பாக்கம் முனையில் அவர் மகள் லாரி மோதி இறந்திருந்தாள். கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டையுடன், தினமும் அங்கே சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிடம் விறைப்பாக நிற்பார்.

"கல்லு ரெடி சார். கேக்காம நட்டுடுங்கறாங்க. ரூல்ஸ் இருக்கே?"

"இருக்கு மாஸ்டர். எழுதிக் குடுங்க" என்றேன். நான் செய்த உதவி அதுதான்.

கருத்துக் கேட்கப் போனேன். "காலங்காத்தால சாவு மூஞ்சிலயா முழிக்கிறது? யாவாரம் இன்னா ஆவறது?" என்றார் டீக்கடைக்காரர். "இருக்கட்டும் சார். அத்தப் பாத்தாவது எங்க டிரைவரு பிரேக்ல கால் வெப்பாரு" என்றான் ஒரு லாரி கிளீனர். கருத்து ஒருமித்ததாக இல்லை என்று எழுதினேன். கோப்பு மேலே போயிற்று. கேட்காமல் நட்ட மூன்று கற்கள் அதே சாலையில் மாலையோடு நின்றன. கோப்பில்லாத கல்லை யாரும் தொடவில்லை.

மூன்றாம் வருடம் சாலையை அகலப்படுத்தினார்கள். மகள் விழுந்த இடம் தாருக்குள் போனது. மாஸ்டர் ஓரமாக நகர்ந்து நின்றார்.

பிறகு உத்தரவு வந்தது: விண்ணப்பத்தின் வரைபடத்தில் குறித்த இடத்தில் மட்டும் நட அனுமதி. நானே முனைக்கு எடுத்துப்போய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பஸ்கள் திரும்பும் நடுச்சாலையைப் பார்த்தார்.

"அப்ப நட்டுடலாமா சார்?"

அவர் கையில் சாமந்திப் பூ இருந்தது. அன்று நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.