இடுப்பில் கட்டிய துப்பட்டா

முழங்கால் வலிக்காகத் திண்டிவனத்தில் ஒரு பிசியோதெரபி சென்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். தொடை நடுங்கியது... மனசு மட்டும் விழுப்புரம் ஸ்கூல் கிரவுண்டுக்கு ஓடிவிட்டது.

ஜிம்னாஸ்டிக்ஸில் பின்பக்கமாகக் கை ஊன்றிச் சுழன்று எழும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கின் ஆரம்பம் இதேதான். பின்னால் நாற்காலி இருப்பதாக நம்பி உட்கார வேண்டும். முழங்கால் கால்விரலைத் தாண்டி முன்னே வரக்கூடாது. இனி விழத்தான் போகிறோம் என்கிற நொடியில் காலால் உதைத்து, கைகளைக் காதோரம் பின்னால் வீச வேண்டும். கை தரையைத் தொட்டதும், முழங்கையை மடக்காமல் தோளால் தள்ள வேண்டும். இதில் எது கஷ்டம்? உதைப்பதா, தள்ளுவதா? பின்னால் சாய்வதுதான்! பயந்தவர்கள் நேராக மேலே எகிறி, தலை அடிபட விழுவார்கள்.

நான் பயந்தவள். அதனால் ஹாஸ்டலில் தங்கிப் படித்த கோட்டக்குப்பம் பர்வீன், தன் துப்பட்டாவை என் இடுப்பில் சுற்றி முனைகளைப் பிடித்துக்கொள்வாள். "சாயிடி, நான் புடிச்சிக்கினு இருக்கேன்" என்பாள். ஸ்கூல் டீம் செலக்‌ஷன் அன்று துப்பட்டா கூடாது என்றுவிட்டார்கள். பர்வீன் ஹேண்ட்ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டாள். நான் கையை வீசினேன்... சாயவில்லை. அத்தோடு சரி. இன்றைக்கும் வீட்டில் யாரும் இல்லாதபோது காதோரம் கையைத் தூக்கி நிற்பதுண்டு. ஒரே ஒரு தடவை போட்டுவிட மாட்டோமா என்று அவ்வளவு ஏக்கம்.

அதே சென்டருக்குப் பர்வீனும் வருகிறாள் — தோள் இறுகிப்போய். அவளுக்குக் கை தூக்க வராது, எனக்குக் கால் மடக்க வராது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஹேண்ட்ஸ்பிரிங் தேறும்.

"அன்னைக்கு நீ மட்டும் எப்படிடி சாஞ்ச?" என்று கேட்டேன்.

"பயந்துக்கினுதான். யாராவது புடிச்சா நல்லாருக்கும்னு எனக்கும் இருந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீயே நடுங்கிக்கினு இருந்த. உன்கிட்ட எங்க சொல்றது?"

சுருக்கென்றது. அவளைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லையே... அவள் துப்பட்டாவைப் பிடித்து என் பின்னால் நின்ற அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன் போல.

எழுந்து போய் அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். "சாயி" என்றேன்.

"போடி, உன்னால தாங்க முடியாது" என்றாள் பர்வீன்.

சொல்லிவிட்டு, முழு கனத்தையும் போட்டுச் சாய்ந்தாள்.