மெதுவாக மினுக்கிய முப்பத்தொன்பது

"நீங்க வச்ச டப்பா மினுக்குச்சு தம்பி, நான் இல்லைங்கல. ஆனா இங்க சாயங்காலமானா எதுதான் மினுக்கல?"

முத்துலட்சுமி அக்கா இப்படிக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற வழியில் அக்கா கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் நடத்தி வந்தார். அன்று இன்குபேட்டரில் இருந்த முட்டைகளில் பாதிக்கு மேல் சூடு தாங்காமல் கெட்டுக் கிடந்தன. சூடு கூடினால் எச்சரிக்கிற அலாரம் நானும் சாமுவேலும் செய்து கொடுத்தது. அலாரம் தன் வேலையைச் செய்திருக்கிறது, பார்த்தவர் சும்மா இருந்திருக்கிறார். என் கட்சி அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி அது. நான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீஷியன். சாமுவேலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ ரிப்பேர் கடை. என்னைவிடச் சின்னவன். சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துவிட்டால் சோறு தண்ணி மறந்துவிடும். கம்பெனி மீட்டர் அக்காவுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் நாங்களே ஒன்றைச் செய்தோம். சூட்டை அளக்க எல்.எம். 35 சென்சார், அதை எண்ணாக்க 7107 ஐ.சி., காட்ட சிவப்பு எல்.இ.டி. எண்கள், எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள். முட்டைக்கு வேண்டிய சூடு முதன்முதலாக 37.7 என்று எரிந்தபோது அக்கா பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

அலாரம் வேண்டும் என்று கேட்டதும் அவர்தான்.

"நான் எந்நேரமும் இதையே வெறிச்சுக்கிட்டு நிக்க முடியுமா? சூடு கூடுனா அதுவா என்னையக் கூப்பிடணும்."

ஃபேன் இரைச்சலில் பஸ்ஸர் எடுபடாது. அதனால் எண்களையே மினுக்க வைத்தோம். சென்சார் வோல்டேஜை ஒரு கம்பேரட்டர் கவனிக்கும். 39 டிகிரியைத் தாண்டினால் அது 555 டைமரை ஓடவிடும். டைமர் டிஸ்ப்ளேக்குப் போகிற சப்ளையை விட்டு விட்டுக் கொடுக்கும். எண்கள் படபடவென்று துடிக்கும். ஆபத்து என்றால் அப்படித்தானே துடிக்க வேண்டும்?

துடித்துத்தான் இருக்கிறது. அக்காவும் பார்த்திருக்கிறார்.

"வோல்டேஜ் கொறஞ்சா டியூப்லைட்டு துடிக்குது. ஃபேன் மெதுவாச் சுத்துது. இதுவும் துடிச்சுது. செத்த நேரத்துல கரண்டு சரியாயிரும்னு விட்டுட்டேன்."

"அக்கா, அதுக்குள்ள ரெகுலேட்டர் இருக்கு! வோல்டேஜ் எம்புட்டுக் கொறஞ்சாலும் அது துடிக்காது!" என்று கத்தினேன்.

"அது உங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி," என்றான் சாமுவேல். "அக்காவுக்குப் பெட்டியோட வெளிப்பக்கம் மட்டுந்தான தெரியும்?"

அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மில்லுல நூல் சுத்துற வைண்டிங் வேலைய விட்டுட்டு வந்து இதைப் போட்டேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பூட்டிட்டு மில்லுக்கே போக வேண்டியதுதான்."

சாமுவேல் காலி முட்டை அட்டைகளை அடுக்கி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். போகலாம் என்றேன். "சாயங்காலம் வரைக்கும் இருந்து பாப்போம்" என்றான். மாற்ற வேண்டியதைக் கழற்றுவதற்கு முன் அது இருக்கிற இடத்தைப் பார்ப்பான். அவனுடைய இந்தக் குணத்தின் மேல் எனக்கு அன்றும் பொறாமை, இன்றும் பொறாமை.

இருட்டத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கியது. டியூப்லைட் துடித்தது. ஹீட்டரை ஆன், ஆஃப் செய்கிற காண்டாக்டர் டரடரவென்று அதிர்ந்தது. சாமுவேல் எழுந்தான்.

"கேட்டீங்களா அண்ணாச்சி? இப்படி அதிர்ந்து அதிர்ந்துதான் உள்ள இருக்குற பாயிண்ட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. ஹீட்டர் ஆஃபே ஆகல. எல்லாம் மினுக்குற நேரத்துலதான் சூடும் கூடுது. நம்ம அலாரம் கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவுல ரகசியம் பேசியிருக்கு."

காண்டாக்டரை மாற்றினோம். ஆனால் ஊர் வோல்டேஜை எங்களால் மாற்ற முடியாது. புதியதும் ஒருநாள் ஒட்டலாம். சாமுவேல் பெட்டியைத் திறந்து, டைமரில் மினுக்கும் வேகத்தைத் தீர்மானிக்கிற சின்ன கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றை வைத்தான். பிறகு சூடான சால்டரிங் அயர்னைச் சென்சார் பக்கத்தில் காட்டினான். 39ஐத் தாண்டியதும் எண்கள் எரிந்தன. நிதானமாக அணைந்தன. மறுபடி நிதானமாக எரிந்தன.

"இம்புட்டு மெதுவாவா?" என்றேன்.

"வோல்டேஜுக்கு நிதானம் தெரியாது அண்ணாச்சி. நிதானமா மினுக்குனா, யாரோ வேணும்னே கூப்பிடுதாங்கன்னு தெரியும்."

துடிக்கிற டியூப்லைட்டின் கீழே நின்றிருந்த அக்கா எட்டிப் பார்த்தார். "அட, இது வேற மாதிரில்லா இருக்கு!"

அடுத்த ஈடு முட்டை வைத்திருந்தபோது அது நடந்தேவிட்டது. ஒரு மாலையில் வோல்டேஜ் விழுந்து காண்டாக்டர் ஒட்டிக்கொண்டது. அறையே படபடத்துக்கொண்டிருக்க, எண்கள் மட்டும் மெதுவாக எரிந்து அணைந்தன. அக்கா ஓடிப்போய் ஹீட்டர் மெயினை அணைத்து, கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு மில்லில் எந்தப் பேனலில் எச்சரிக்கை விளக்குப் போடச் சொன்னாலும், அங்கே ஏற்கெனவே என்னென்ன மினுக்குகிறது என்று ஒரு மாலை நின்று பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அது சாமுவேலிடம் நான் கற்றது.

குஞ்சு பொரித்த அன்று இருவரும் போயிருந்தோம். கீச்சுக் கீச்சென்று காது அடைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமுவேல் குஞ்சுகளைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"குஞ்சப் பாருப்பா. அதுல என்ன இருக்கு?" என்றார் அக்கா.

"மினுக்காம இருக்குல்லா, அதப் பாக்கேன்."

அக்கா சிரித்தபடி அட்டைப் பெட்டியில் குஞ்சுகளை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார். "வைண்டிங்ல என் எடத்துக்கு வேற ஆளு போட்டுட்டாகளாம். போட்டுக்கிடட்டும்."