ஒரே முகவரியில் வசிக்கும் தம்பதி

மாநகராட்சியில் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூட்டை சார் என்பார்கள். லிஃப்டில் எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால், எட்டுப் பேர் எடைக்கு மணல்மூட்டைகளை உள்ளே அடுக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். மற்ற இன்ஸ்பெக்டர்கள் கட்டடத்துக்காரர் கொடுக்கும் காப்பியைக் குடித்துக்கொண்டே கீழ்த்தளத்தில் நின்று வேலையை முடித்துவிடுவார்கள். இவர் வருகிறார் என்று தெரிந்தாலே காவலாளிகளுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும்.

அவர் ஓய்வு பெற்றபோது நகரத்தில் ஏறக்குறைய நானூறு லிஃப்டுகளில் அவர் கையெழுத்து கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. ஆனால் அந்தச் சான்றிதழுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். மாதம் ஆக ஆக ஒவ்வொரு லிஃப்டிலும் புது ஆளின் கையெழுத்து வந்தது. அடுத்த வருஷம் பல் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, அந்தக் கட்டடத்து லிஃப்டிலும் மாற்றியிருந்தார்கள். கிட்டப் போய்த் தேதியைப் பார்த்தார். முந்தின வாரம்தான் மாட்டியிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்து, அவர் கையெழுத்து மிச்சமிருந்த கடைசி லிஃப்ட் அதுதான்.

மருத்துவர் கூப்பிடும்வரை அங்கே கிடந்த பத்திரிகையைப் புரட்டினார். நடுப்பக்கம் முழுக்க ஒரு வெள்ளைக் கப்பல். நூற்றுப்பதினான்கு நாள், முப்பத்தொரு துறைமுகம், உலகத்தையே ஒரு சுற்று. பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சோடு வெளியே வந்தவர், வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சைகையால் கேட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீடு மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், தெருவைப் பார்த்த சமையலறை. மனைவி ஆறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோது உதவிக்கென்று விமானம் ஏறினாள். மூன்று மாதத்தில் வருவதாகத்தான் ஏற்பாடு. ஒரு குழந்தைக்கு நெஞ்சுச்சளி என்று இன்னும் மூன்று மாதம். அப்புறம் மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறியது. அப்புறம் மருமகனுக்கு வேலை வேறு ஊருக்கு மாறியது. பிறகு காரணம் சொல்வதும் நின்றுபோனது, கேட்பதும் நின்றுபோனது. யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

அவர் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். அங்கே எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மனைவியும் ஓடினாள். அவள் பக்கத்துப் பள்ளியில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போனாள், அவருக்குத் தெரியாத யாருடனோ போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். அவர் சோபாவில் உட்கார்ந்து, யாராவது குறுக்கே நடந்தால் காலை மடக்கிக்கொண்டார். இரண்டு தடவையும் ஆபீசில் அவசரம் என்று சொல்லி ஒரு வாரம் முன்னதாகவே திரும்பிவிட்டார்.

தனி ஆளாக இருந்தாலும் இரண்டு காப்பிக் கோப்பைகளையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்துவார். ஒன்றையே பயன்படுத்தினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது லிஃப்ட்காரர் கணக்கு.

கப்பல் கம்பெனியிலிருந்து தபாலில் வரைபடம் வந்தது. பன்னிரண்டு தளம், பதினாறு லிஃப்ட். கூட ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம், எங்கே குளிர், எங்கே மழை, எந்த ஊரில் படி ஏறாமல் சுற்றிப் பார்க்கலாம் என்று பத்தி பத்தியாக எழுதினார். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. ஒன்பதாவது தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், ஜன்னல் வைத்த அறையாகப் பார்த்து இரண்டு பேருக்கு முன்பதிவு செய்தார். அதற்கப்புறம்தான் மனைவியிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அவர்கள் பேசும் நேரம். அங்கே அப்போது காலை.

"நூத்திப் பதினாலு நாளா?" என்றாள் மனைவி.

"ஆமா."

"நாம ரெண்டு பேரும் ஒரே ரூம்லயா?"

"ஜன்னல் இருக்கு," என்றார்.

"பார்க்கலாங்க," என்றாள் அவள். நாற்பது வருஷமாக அவள் சொல்லும் 'பார்க்கலாம்' என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் குறிப்பேட்டில் அதற்கு நேராக ஒரு சரி போட்டுக்கொண்டார்.

அடுத்தது பயணக் காப்பீடு. அது இல்லாமல் கப்பலில் கால் வைக்க விடமாட்டார்கள். போனில் பேசியது தொண்டை கட்டிய குரலில் ஒரு பெண். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இருமினாள்.

"கப்பிள் பாலிசி போட்டுடலாம் சார். முதல்ல மேடத்தோட விவரம். என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"பிரஷருக்கு ஒண்ணு."

"எத்தனை மில்லிகிராம்?"

தெரியவில்லை.

"கடைசி அஞ்சு வருஷத்துல ஆபரேஷன் ஏதாவது?"

"இல்ல."

"ஒரு தடவை கேட்டுட்டே சொல்லுங்க சார். தப்பா எழுதிட்டா, நாளைக்கு நடுக்கடல்ல ஏதாவதுன்னா ஒண்ணும் கிடைக்காது."

மூட்டை ஏற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனுஷனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கே மனைவியைக் கூப்பிட்டார்.

"யாருக்கு என்னாச்சு? இன்னிக்கு செவ்வாய்க்கிழமையாச்சே," என்றாள் அவள் எடுத்தவுடன்.

"ஒண்ணும் ஆகல. இன்சூரன்ஸ் ஃபாரம். உன் மாத்திரையெல்லாம் எழுதணுமாம்."

பிளாஸ்டிக் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிரஷர் மாத்திரையின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அடுத்தது சுண்ணாம்புச் சத்து. மூன்றாவது அவர் கேள்விப்படாத பெயர்.

"அது எதுக்கு?"

"அது அஞ்சு வருஷம் போடச் சொல்லியிருக்காங்க."

"எதுக்குன்னு கேட்டேன்."

"மார்புல ஒரு கட்டி இருந்தது. எடுத்துட்டாங்க. இப்ப ஒண்ணும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா போய்க் காட்டிட்டு வரேன்."

"எப்ப?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். பசங்களுக்கு லீவு விட்டிருந்த சமயம்."

அவருக்கு நினைவு வந்தது. அந்த லீவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மகள்தான் பேசினாள். அம்மா கடைக்குப் போயிருக்காங்கப்பா என்றாள். இரண்டு வாரமும் கடைக்குத்தான் போயிருந்தாள். அவரும் சரிம்மா என்று வைத்துவிட்டார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? கிளம்பி வந்து சோபாவுல உக்காந்திருப்பீங்க. அப்ப எனக்கு உங்களையும் பார்த்துக்கத் தெம்பு இல்லைங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. காலையில் என்ன சமைத்தாள் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"எனக்கும் எழுத ஒண்ணு இருக்கு," என்றார். "நாலு வருஷம் முன்னாடி, வேலைல மயங்கி விழுந்துட்டேன். இதயத்துல அடைப்பு. ஸ்டென்ட் வெச்சாங்க."

"கூட யார் இருந்தா?" என்றாள்.

"கீழ்வீட்டுக்காரர் வந்தார். அவர்தான் கையெழுத்துப் போட்டார்."

"என்ன உறவுன்னு கேட்டிருப்பாங்களே?"

"தம்பின்னு போட்டார்."

"அவருக்கு உங்களைவிடப் பத்து வயசு கூட இருக்குமே?"

"அதெல்லாம் யாரு பார்க்கறா?"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பேரப்பிள்ளை ஒன்று பாட்டி என்று கூப்பிட, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள். அவர் ஃபாரத்தில் மூன்றாவது மாத்திரையின் பெயரை அச்செழுத்து மாதிரி எழுதினார். எழுதி முடித்த பிறகும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காப்பீட்டுப் பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"டாக்டர் லெட்டர் ரெண்டு பேருக்கும் வேணும் சார், அவ்வளவுதான். கப்பிள் பாலிசிங்கறதால கடைசியா ஒரு கேள்வி. ரெண்டு பேரும் ஒரே முகவரியில வசிக்கிறீங்க, ஆமான்னு போட்டுடறேன்."

"இல்லம்மா."

"தற்காலிகமா வெளியூர் போயிருக்காங்கன்னா பரவாயில்ல சார். எவ்வளவு நாளா?"

"ஆறு வருஷமா."

தட்டும் சத்தம் நின்றது. அவள் இருமினாள். "சரி சார். தனித்தனியாவே போட்டுடலாம்," என்றாள். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டவள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஆறு வருஷத்தில் அவர் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கீழ்வீட்டுக்காரரிடம்கூட 'பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா' என்றுதான் சொல்வது வழக்கம். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றார். தெருவில் ஒரு ஆள் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டி முடித்து அவன் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியே முதலில் சொன்னாள். "நான் கப்பலுக்கு வரலைங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போயிட்டு வாங்க."

"வீட்டுக்கு?"

அவள் யோசித்துத்தான் பேசினாள். "எனக்கு இங்க பழகிடுச்சுங்க. இங்க நாலு பேர் என்னைத் தேடறாங்க. அங்க வந்தா நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு ரூம்ல உக்காந்திருப்போம்."

அது பொய்யில்லை என்பதால் அவர் மறுக்கவில்லை. மனைவி போவதற்கு முந்தின வருஷங்களிலும் அவர் காலையில் கிளம்பிச் சாயங்காலம் வந்து, சாப்பிட்டு, செய்தி பார்த்து, படுத்தவர்தான். அவளிடம் சொல்ல அவரிடம் லிஃப்டைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை. லிஃப்டைப் பற்றி அவள் கேட்டதில்லை.

"கப்பல் எங்கெங்க நிக்கும்?" என்றாள் அவள். அவர் பட்டியலைப் படித்தார். இருபதாவது பெயரில் நிறுத்தச் சொன்னாள். "அது இங்கிருந்து பஸ்ல நாலு மணி நேரந்தான். எத்தனை மணிக்கு வரும்?"

"காலைல எட்டு. சாயங்காலம் அஞ்சுக்குக் கிளம்பிடும்."

"நான் வரேன்," என்றாள். இந்தத் தடவை பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

அறையை ஒரு ஆளுக்கு மாற்றினார்கள். ஆனாலும் கப்பலில் ஏறியபோது அதில் கட்டில் இரண்டு இருந்தது. அறையைச் சுத்தம் செய்யும் பெண் தினமும் இரண்டு தலையணையிலும் ஒவ்வொரு சாக்லேட் வைத்துவிட்டுப் போனாள். ஒன்று போதும் என்று சொல்லிப் பார்த்தார். அவளுக்குப் புரியவில்லை. அடுத்த கட்டிலின் சாக்லேட்டை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டே வந்தார். சாப்பாட்டு மேஜையில் அவரோடு மூன்று தம்பதிகள். முதல் வாரம் அவர்கள் மேடம் எங்கே என்று கேட்டார்கள். பொண்ணு வீட்டில் இருக்கிறாள் என்றார். அப்புறம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குள்ளேயே பேச நிறைய இருந்தது. கரை தெரியாத நாட்களில் அவர் பதினாறு லிஃப்டிலும் ஏறி இறங்கினார். எல்லாம் நன்றாகத்தான் ஓடின. ஏழாவது மட்டும் நிற்கும்போது தளத்துக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது. மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துச் சொன்னார். அவன் சரி செய்துவிட்டு நன்றி சொன்னான். அந்த நாள் அவருக்கு நல்ல நாளாகப் போனது.

அறுபத்துநான்காவது நாள் அந்தத் துறைமுகம் வந்தது. வாசலுக்கு வெளியே நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். அவர் அவளைத் தாண்டி நடந்தார். "என்னங்க," என்ற குரல் கேட்டுத் திரும்பினார். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். உடம்பு இளைத்திருந்தது.

"நல்லா இருக்கா?" என்று தலையைத் தொட்டுக் காட்டினாள்.

"இருக்கு," என்றார்.

சாக்லேட் பையைக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு என்றார். அவள் உள்ளே பார்த்துவிட்டு, "இவ்வளவா?" என்றாள். எப்படிச் சேர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி விடாமல் குறட்டை விட்டதைச் சொன்னாள். அவர் மணிக்கட்டைத் திருப்பி, இங்கேதான் குழாயை விட்டார்கள் என்று காட்டினார். அவள் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

பிறகு தண்ணீரைப் பார்த்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். விடியுமுன் எழுந்து பஸ் பிடித்தவள், பேசிக்கொண்டே இருந்தவள், அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பார்க்க வேண்டிய இடமென்று அந்த ஊருக்கு மட்டும் அவர் குறிப்பேட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். கை மரத்துப்போயிற்று. அசையாமல் இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எழுந்தவுடன் அவள், "எழுப்பியிருக்கலாமே," என்று கோட்டைச் சரி செய்துகொண்டாள்.

அவளுடைய பஸ் முதலில் கிளம்பியது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கண்ணாடிக்கு உள்ளிருந்து ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. கேட்டதுபோலத் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பக்கத்து நாற்காலிக்காரர், "ஊர் எப்படி சார்? கோட்டை பார்த்தீங்களா, மியூசியம் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. ஆனா நல்ல ஊர்," என்றார்.

கேட்டவர் தன் மனைவி பக்கம் திரும்பிக்கொண்டார். மூட்டை சார் சாப்பிட்டு முடித்து, ஒன்பதாவது தளத்துக்கு வந்து, அறையைத் திறந்தார். இரண்டு கட்டிலும் விரித்திருந்தது. இன்னும் ஐம்பது நாள் இருந்தது.